முகீஸின் கண்ணீரும் பரீராவின் பதிலும்

மதீனாவின் தெருக்களில் ஒருவர் ஒரு பெண்ணின் பின்னால் அழுதுகொண்டே நடந்தார். கண்ணீர் தாடியில் வழிந்தது. அவர் முகீஸ் (ரலி). முன்னால் சென்றவர் பரீரா (ரலி). இருவரும் அடிமைகளாக இருந்தபோது கணவன் மனைவி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பரீராவை வாங்கி விடுதலை செய்ததும், அந்தத் திருமணத்தில் நீடிப்பதா விலகுவதா என்று முடிவெடுக்கும் உரிமை பரீராவுக்குக் கிடைத்தது. அவர் விலகினார். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது.

முகீஸின் அன்பு பொய்யல்ல. நபி (ஸல்) அவர்களே அதைக் கண்டு வியந்தார்கள். அவரிடம் திரும்பிச் செல்லலாமே என்று பரீராவிடம் கேட்டும் பார்த்தார்கள். இது கட்டளையா என்று கேட்டார் பரீரா. இல்லை, பரிந்துரைதான் என்றார்கள் நபியவர்கள். அப்படியென்றால் அவர் எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அவரைக் கடிந்துகொண்டதாக அந்த ஹதீஸில் ஒரு சொல்லும் இல்லை.

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி மதுரைக்குப் படிக்க வரும் நம் பெண்பிள்ளைகளை நினைத்தே இதை எழுதுகிறோம். விடாமல் சுற்றினால் ஒருநாள் அவள் மனம் மாறும் என்று நம் சினிமா வெகுகாலமாகப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறது. கணவராக இருந்தவருக்கே அழுதும் கிடைக்காத உரிமை, பஸ் ஸ்டாப்பில் காத்து நிற்பவனுக்கு எங்கிருந்து வந்தது? உண்மையாக நேசிப்பவனுக்கும் மறுப்பு வலிக்கும். அந்த வலிக்கு அவளைப் பொறுப்பாக்க மாட்டான்.

நம் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவன் பின்தொடர்கிறான் என்று மகள் தயங்கித் தயங்கிச் சொன்னால், பல அத்தாமார்கள் முதலில் அவள் படிப்பை நிறுத்துகிறார்கள். அடுத்து அவசர நிக்காஹ். தொல்லை கொடுத்தவன் தெருவில் திரிகிறான், தண்டனை மகளுக்கு. பிறகு எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? (மாப்பிள்ளை வீட்டார் விடாமல் கேட்கிறார்கள் என்பதற்காக, வேண்டாம் என்று சொன்ன மகளைக் கரைத்துச் சம்மதிக்க வைப்பதும் இதே வகைதான்.)

பெண்ணுக்கு விருப்பமில்லை என்று தெரிந்தும் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆம் பிரிவு. செல்போனிலும் இணையத்திலும் தொடர்ந்து வருவதற்கும் அது பொருந்தும். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். பெண்கள் உதவிக்கு 181, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 1098. போலீசுக்குப் போகும்போது மகளைத் தனியாக அனுப்பாமல் அத்தாவோ அம்மாவோ கூடவே போங்கள். மறுநாள் அவள் வழக்கம்போல் கல்லூரிக்குப் போகட்டும்.