பெரிய கோர், சிறிய கோர்: எந்த வேலையை எதனிடம் கொடுப்பது?

மேல்நிலை முதலாமாண்டு கணினி அறிவியலில் இயக்க அமைப்பு பாடத்தை நடத்தும்போது, முதலில் வந்த வேலை முதலில், குறைந்த நேர வேலை முதலில், ரவுண்டு ராபின் ஆகிய முறைகளை விளக்குகிறோம். அங்கெல்லாம் செயலி ஒன்றுதான். ஆனால் மாணவர் வீட்டுக் கைப்பேசியின் பெட்டியில் 'எட்டு கோர்' என்று போட்டிருக்கிறது. "எட்டும் ஒரே மாதிரியா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பெரும்பாலும் இல்லை. அந்தப் பதிலிலிருந்து உருவானதே இச்செயல்பாடு.

2011 அக்டோபரில் ஆர்ம் நிறுவனம் 'பிக்.லிட்டில்' என்ற அமைப்பை அறிவித்தது. விரைவான கார்டெக்ஸ் ஏ15, சிக்கனமான கார்டெக்ஸ் ஏ7 என இரு வகைக் கோர்கள் ஒரே சில்லில் அமையும். இரண்டுக்கும் கட்டளைத் தொகுதி ஒன்றே. ஆகவே எந்த நிரலும் எதிலும் ஓடும். பெரிய கோர் வேலையை விரைவில் முடிக்கும், ஆனால் அதே வேலைக்குக் கூடுதல் மின்னாற்றலைச் செலவிடும். 2020இல் ஆப்பிளின் எம்1, 2021இல் இன்டெலின் ஆல்டர் லேக் எனக் கணினிகளுக்கும் இம்முறை வந்துவிட்டது.

வகுப்பறைக்குத் தேவையானவை கட்டத்தாளும் பென்சிலும்தான். நான்கு மாணவர்கள் கோர்கள். ஆசிரியர் கைதட்டும் ஒவ்வொரு முறையும் பெரிய கோர் இரண்டு கட்டங்களுக்கு வண்ணமிடலாம். கட்டத்துக்கு 3 புள்ளி ஆற்றல் செலவு. சிறிய கோர் ஒரு கட்டம். செலவு 1 புள்ளி. பெரியவை இரண்டு, சிறியவை இரண்டு. வேலை அட்டைகள் நான்கு: 2, 4, 4, 8 கட்டங்கள். ஓர் அட்டையைக் கிழித்து இருவரிடம் கொடுக்கக் கூடாது.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதன்முறை நடத்தியபோது, கணக்கை விரைவாகப் போடும் இருவரைப் பெரிய கோராகவும், தடுமாறும் இருவரைச் சிறிய கோராகவும் நிறுத்தினேன். அந்த வாரம் முழுக்க 'சின்ன கோர்' என்பது ஒரு பையனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. இப்போது சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுக்கிறேன்; சுற்றுக்குச் சுற்று இடம் மாற்றுகிறேன். வேகத்தைத் தீர்மானிப்பது விதிதான், பிள்ளையின் கை அல்ல.

அட்டைகளை வந்த வரிசையிலேயே கொடுத்தால் 2, 4 பெரியவற்றுக்கும், 4, 8 சிறியவற்றுக்கும் போகும். முடிய 8 கைதட்டல். செலவு 30 புள்ளி. பெரிய கோர்கள் இரண்டும் இரண்டாவது கைதட்டலோடு சும்மா நிற்பதை வகுப்பே கவனிக்கும். அடுத்து 8, 4 ஆகியவற்றைப் பெரியவற்றுக்கும், 4, 2 ஆகியவற்றைச் சிறியவற்றுக்கும் கொடுப்பார்கள்: 4 கைதட்டல், 42 புள்ளி. இதோடு நிறுத்திவிடாதீர்கள். 8ஐ ஒரு பெரிய கோருக்கும், 2ஐ மற்றொரு பெரிய கோருக்கும், இரு 4களைச் சிறியவற்றுக்கும் மாற்றினால் அதே 4 கைதட்டலில் செலவு 38ஆகக் குறைகிறது. 10 கைதட்டல் வரை பொறுக்கலாம் என்றால் 8, 2 ஒரு சிறிய கோருக்கு, 4, 4 மற்றதற்கு. செலவு வெறும் 18. பெரியவை இரண்டும் தூங்கலாம். இதை முதலில் கண்டுபிடித்தவன் அதே 'சின்ன கோர்' பையன்தான்.

நான்கு கோரும் சேர்ந்து ஒரு கைதட்டலுக்கு ஆறு கட்டம் முடிக்கின்றன. மொத்தம் 18 கட்டம். பிறகு ஏன் 3 கைதட்டலில் முடியவில்லை? இக்கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எட்டுக் கட்ட வேலை ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான் ஓட முடியும். மிக விரைவான கோருக்கும் அதற்கு 4 கைதட்டல் வேண்டும். மற்ற கோர்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் பயனில்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடித்தளமான லினக்ஸ் கருநிரல் இதே கணக்கைத்தான் போடுகிறது. மிகப் பெரிய கோரின் திறனுக்கு 1024 என்று மதிப்பு. மற்றவற்றுக்கு அதற்கேற்பக் குறைவு. ஒவ்வொரு வேலையின் அண்மைக்காலப் பயன்பாட்டையும் அதே அளவுகோலில் அளக்கிறது. சுமார் 20 விழுக்காடு இடம் மீதமிருந்தால்தான் வேலை அக்கோருக்குப் பொருந்தும். சிறிய கோரின் திறன் 400 என்று கொள்வோம். 300 அளவுள்ள வேலை அதில் அடங்கும். 350 அடங்காது, பெரியதற்குப் போகும். பொருந்தும் கோர்களில் எதில் ஆற்றல் செலவு குறைவு என்று பார்க்கும் முறை 2019இல் லினக்ஸ் 5.0 பதிப்பில் சேர்ந்தது. கோர்களில் சுமை எல்லை மீறும்போது இச்சிக்கனக் கணக்கு விலக்கப்பட்டு, சுமையைப் பரவலாகப் பகிர்வதே முதன்மையாகிறது.

எட்டாம் வகுப்புக்குக் கட்டத்தாள் விளையாட்டு மட்டும் போதும்; ஒரு பாடவேளையில் முடியும். 1024 கணக்கைப் பதினொன்றாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். நேரமிருந்தால் மூன்றாவது கைதட்டலின்போது திடீரென 6 கட்ட அட்டை ஒன்றை நீட்டிப் பாருங்கள்.