படத்தைப் பாராதீர், எண்ணைப் பாருங்கள்: வீட்டு ஏரியலைச் சரிசெய்யும் முறை

தொலைக்காட்சி சரியாகத் தெரியாவிட்டால் நம் வீடுகளில் ஒரு கைவைத்தியம் உண்டு. ஒருவர் கூரைப் பக்கம் ஏறி ஏரியலைத் திருப்புவார். இன்னொருவர் வாசலில் நின்று, "இப்போ தெரியுது, இப்போ தெரியல" என்று குரல் கொடுப்பார். 1963 டிசம்பரில் நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதிலிருந்து பல்லாண்டுகள் இந்த வைத்தியம் பலித்து வந்தது. இன்று பெரும்பாலும் பலிப்பதில்லை. ஏன் பலிப்பதில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதை மின்னணுவியல் பயிலும் மாணவி என்ற முறையில் இங்கு விளக்க விரும்புகிறேன்.

மாறியது என்ன?

பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 ஜூலையில் முதலில் லங்காவியில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதியுடன் நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. இப்போது ஏரியல் வழியாக நமக்குக் கிடைப்பது மைஃப்ரீவியூ என்னும் இலக்கமுறை ஒளிபரப்பு.

அனலாக்கில் அலை குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடும், நிழல் விழும். ஆனாலும் செய்தி வாசிப்பவரின் முகம் தெரியும். இலக்கமுறையில் அப்படியில்லை. சிறுசிறு பிழைகளை டிகோடர் தானே திருத்திவிடுவதால், அலை ஓரளவு குறைந்தாலும் படம் பளிச்சென்றே இருக்கும். திருத்த முடியாத எல்லையைத் தாண்டியதும் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, உறைந்து, மறைந்துவிடும். நேற்றுவரை நன்றாகத் தெரிந்த படம் இன்று ஒரு மழையில் காணாமல் போவதற்கு இதுவே காரணம்.

மேலும், ஏரியலைத் திருப்பிய பிறகு டிகோடர் அலையைப் பிடித்துப் படமாக்கச் சில விநாடிகள் ஆகும். "இப்போ தெரியுது" என்ற குரல் கேட்பதற்குள் கூரையில் இருப்பவர் சரியான திசையைத் தாண்டிப் போயிருப்பார்.

இரண்டு எண்கள்

பெரும்பாலான டிகோடர்களிலும் புதிய தொலைக்காட்சிகளிலும் அலையின் நிலையைக் காட்டும் ஒரு பக்கம் உண்டு. அதில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று அலையின் வலிமை, மற்றொன்று அலையின் தரம். திருவிழாவில் ஒலிபெருக்கி காதைப் பிளந்தாலும் சில நேரம் அறிவிப்பாளர் சொல்வது ஒன்றும் புரியாதல்லவா? அங்கே வலிமை உண்டு, தரம் இல்லை. படத்தைத் தீர்மானிப்பது தரமே.

இரண்டும் குறைவாக இருந்தால் ஏரியலின் திசை, உயரம் அல்லது வயரில் கோளாறு இருக்கலாம். வலிமை கூடுதலாகவும் தரம் குறைவாகவும் இருந்தால் இடையூறு, மோசமான இணைப்பு அல்லது தேவையற்ற பூஸ்டர் காரணமாகலாம். இரண்டும் நன்றாக இருந்தும் அலைவரிசை வரவில்லை என்றால், அலைவரிசைகளை மீண்டும் தேடச் செய்தாலே போதும். இந்த எண்கள் கருவிக்குக் கருவி மாறுபடும். எனவே அடுத்த வீட்டு எண்ணோடு ஒப்பிடாமல், உங்கள் கருவியில் முன்பு கண்ட எண்ணையும் பின்பு கண்ட எண்ணையும் எழுதி வைத்து ஒப்பிடுங்கள்.

உள்ளேயிருந்து வெளியே

ஏணியை எடுக்கும் முன் வீட்டுக்குள் சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி எண்ணைப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்பது தெரியாது.

முதலில் டிகோடருக்குப் பின்னால் உள்ள இணைப்பைக் கழற்றி மாட்டுங்கள். அடுத்து, ஒரே வயரை இரண்டு அறைகளுக்குப் பிரிக்கும் பிரிப்பான் இருந்தால் அதை நீக்கிவிட்டு நேராக இணையுங்கள். பிரிப்பான் ஒவ்வோர் அறைக்கும் அலையில் பாதியையே தரும். சாதாரண வயரும் 20 மீட்டர் நீளத்தில் ஏறக்குறையப் பாதியை விழுங்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் ஏரியல் பிடித்ததில் கால் பங்குதான் தொலைக்காட்சிக்கு வந்து சேரும்.

பிறகு வெளியே உள்ள இணைப்புகள். எங்கள் பாட்டி வீட்டில் வலிமை நன்றாக இருந்தும் தரம் முப்பதைத் தாண்டவில்லை. மாமா ஏணியில் ஏறி ஏரியலடியில் இருந்த இணைப்பைக் கழற்றியபோது உள்ளே தண்ணீரும் பச்சைக் களிம்பும் இருந்தன. கெட்டுப்போன பகுதியை வெட்டிவிட்டுப் புதிய முனை மாட்டி, ரப்பர் நாடா சுற்றினோம். மழைநீர் இணைப்புக்குள் இறங்காமல் கீழே சொட்டும்படி வயரைச் சற்றுத் தொங்கவிட்டோம். தரம் எழுபதைத் தொட்டது. செலவு சில வெள்ளிதான்.

ஏரியலின் அளவும் திசையும்

இலக்கமுறை ஒளிபரப்பு 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையிலான யுஎச்எஃப் பகுதியில் வருகிறது. ஏரியலின் குறுக்குக் கம்பி அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி இருக்க வேண்டும். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். அதில் பாதி 25, அதாவது ஒரு சாணுக்குச் சற்று அதிகம். பழைய விஎச்எஃப் ஏரியலின் கம்பிகளோ இரண்டு முழத்தை நெருங்கும். கூரையில் அந்த நீளக் கம்பி ஏரியல் மட்டுமே இருந்தால் எப்படித் திருப்பினாலும் பெரிய பயன் இராது.

திசை தெரியாவிட்டால் நன்றாகப் படம் தெரியும் அக்கம்பக்கத்து வீடுகளின் ஏரியல்களைக் கவனியுங்கள். கம்பிகள் படுக்கையாக உள்ளனவா, நிமிர்ந்து உள்ளனவா என்பதையும் பாருங்கள். பிறகு 10 பாகை திருப்பி, பத்து விநாடி பொறுத்து, தரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த 10 பாகைக்குப் போங்கள். புயல்மழை வரும் அறிகுறி இருந்தால் கூரைப் பக்கமே போகாதீர்கள். மின்கம்பிக்கு அருகில் உலோகக் கம்பத்தை உயர்த்தாதீர்கள்.

பூஸ்டர் கடைசியில்தான்

பலர் முதலில் வாங்குவது பூஸ்டரைத்தான். அது அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். தொலைக்காட்சியருகே வைத்தால் வயரில் இழந்த தரத்தை அதனால் மீட்க முடியாது. தேவைப்பட்டால் ஏரியலுக்கு அருகில் வைக்க வேண்டும். பழைய பூஸ்டர்கள் 862 மெகாஹெர்ட்ஸ் வரை பெருக்குபவை. 694-க்கு மேல் உள்ள பகுதியை இன்று கைப்பேசிச் சேவைகள் பயன்படுத்துவதால் அந்த அலைகளும் சேர்ந்து பெருகி இடையூறு தரலாம்.

இதில் என்ன இருக்கிறது?

கைப்பேசியில் எல்லாம் பார்க்கும் நமக்கு ஏரியல் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். என் பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு மொழியில் செய்தி புரியாது. ஆர்.டி.எம். தமிழ்ச் செய்தியும் மின்னல் எஃப்.எம். வானொலியும் மாதக் கட்டணம் இல்லாமல் அவருக்கு ஏரியல் வழியாகவே கிடைக்கின்றன. படம் நின்ற வாரத்தில், "இந்த வட்டாரத்தில் ஏரியல் எடுபடாது, கட்டணச் சேவைக்கு மாறிவிடுங்கள்" என்று கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். ஓய்வூதியம் இல்லாத பாட்டி, செய்தியே வேண்டாம் என்று விட்டுவிட்டார். இதே நிலையில் இருக்கும் முதியவர்கள் தாமான்களிலும் தோட்டங்களிலும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு திருகுளியும் இரண்டு முனைகளும் ரப்பர் நாடாவும் பையில் இருக்கட்டும். வீட்டிலும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் படம் எப்படித் தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் கையெழுத்திடும் முன் அந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.