எரிபொருள் விலையும் கொள்கலன் கப்பற் பாதைகளும்

க.பொ.த. (சா/த) புவியியல் – போக்குவரத்தும் உலக வர்த்தகமும்

மாணவர்களே, சிங்கப்பூரிலிருந்து நெதர்லாந்தின் ரொட்டர்டாம் துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் கப்பல் எந்தப் பாதையாற் செல்லும் எனக் கேட்டால், "சுயெஸ் கால்வாய் ஊடாக" என உடனே எழுதிவிடுவீர்கள். காரணம் கேட்டால் "அது குறுகிய பாதை" என்பீர்கள். இவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. குறுகிய பாதை திறந்திருக்கும்போதே கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிச் சென்ற காலங்களும் உண்டு. அது ஏன் என்பதை விளங்கிக்கொள்ளாமல் இப்பகுதியில் முழுப் புள்ளி பெறுவது கடினம்.

முதலில் உலகப் படத்தை எடுத்து இரு பாதைகளையும் வரைந்து பாருங்கள். 1869 இல் திறக்கப்பட்ட சுயெஸ் கால்வாய் ஊடாகச் சிங்கப்பூர் – ரொட்டர்டாம் தூரம் ஏறத்தாழ 8,300 கடல் மைல். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் ஏறத்தாழ 11,800 கடல் மைல். வேறுபாடு 3,500 கடல் மைல்.

வேகமும் எரிபொருளும்

இங்கேதான் பலர் தவறு விடுகின்றனர். வேகத்தை இரு மடங்காக்கினால் எரிபொருளும் இரு மடங்காகும் என எண்ணுகின்றனர். அப்படியன்று. நீரின் தடையை எதிர்த்துச் செல்லும் கப்பலில், நாளொன்றுக்குச் செலவாகும் எரிபொருள் வேகத்தின் கனத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதமானது. அதாவது வேகம் இரு மடங்கானால் எரிபொருள் எட்டு மடங்காகும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மணிக்கு 24 கடல் மைல் (24 நொட்ஸ்) வேகத்தில் ஓடும் கப்பல் ஒன்று நாளொன்றுக்கு 200 தொன் எண்ணெய் எரிப்பதாகக் கொள்வோம். வேகத்தை 18 நொட்ஸாகக் குறைத்தால், அதாவது முக்காற் பங்காக்கினால், நாளாந்தச் செலவு 200 × 27/64, அதாவது சுமார் 84 தொன். சுயெஸ் வழிப் பயணம் 14.4 நாளிலிருந்து 19.2 நாளாக நீளும். நாட்கள் கூடினாலும் மொத்த எரிபொருள் 2,880 தொன்னிலிருந்து சுமார் 1,620 தொன்னாகக் குறைந்துவிடும். ஐந்து நாள் பொறுத்தால் 1,260 தொன் மிச்சம்!

2008 யூலையில் மசகெண்ணெய் பீப்பாய் ஒன்று 147 டொலரைத் தாண்டியது. மேர்ஸ்க் உட்படப் பல கம்பனிகள் தமது கப்பல்களை மெதுவாக ஓட்டத் தொடங்கியது இக்காலப் பகுதியிலேயே. இதனை 'மெதுவோட்டம்' எனலாம். ஆனால் மெதுவோட்டம் இலவசமன்று. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வாரம் ஒரு கப்பல் வரவேண்டுமெனில், சுற்றுப் பயணம் 56 நாளாயின் 8 கப்பல்கள் போதும். 70 நாளாயின் 10 கப்பல்கள் வேண்டும். ஆகவே எரிபொருள் விலை உயர்ந்தும் கப்பல்கள் மிகையாகவும் உள்ள காலத்திலேயே இது மிகப் பொருந்தும்.

விலை குறைந்தபோது நடந்தது

2008 இன் இறுதியில் எண்ணெய் விலை 40 டொலருக்கும் கீழே சரிந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியால் சரக்கும் குறைந்து, பல கப்பல்கள் வேலையின்றி நின்றன. 2009 இல் மேர்ஸ்க், சி.எம்.ஏ. சி.ஜி.எம். போன்ற கம்பனிகள் தமது கப்பல்கள் சிலவற்றை நன்னம்பிக்கை முனை வழியே அனுப்பின. ஏன்? சுயெஸ் கால்வாயைக் கடக்கப் பெரிய கப்பலொன்று இலட்சக்கணக்கான டொலர் கட்டணம் செலுத்த வேண்டும். எண்ணெய் மலிந்தபோது, சுற்றிச் செல்லும் செலவு அக்கட்டணத்தை விடக் குறைந்துவிட்டது. ஏடன் வளைகுடாவில் சோமாலியக் கடற்கொள்ளையர் அச்சமும் துணைக் காரணமாயிற்று.

அவ்வாறு சுற்றியவை பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குத் திரும்பும் கப்பல்களே என்பதைக் கவனியுங்கள். ஆசியாவிலிருந்து மேற்கே செல்வன விலையுயர்ந்த உற்பத்திப் பொருட்கள். பிந்தினால் வாடிக்கையாளர் ஏற்கமாட்டார். திரும்புகையில் இருப்பன வெற்றுக் கொள்கலன்களும் கழிவுக் காகிதம் போன்ற மலிந்த சரக்குகளுமே. வெற்றுப் பெட்டிக்கு என்ன அவசரம்? 2020 இல் கொவிட் தொற்றால் எண்ணெய் விலை வீழ்ந்தபோதும் இதே காட்சி மீண்டது. சுயெஸ் அதிகார சபை சில பயணங்களுக்குக் கட்டணக் கழிவு வழங்க வேண்டியதாயிற்று.

2023 டிசெம்பரிலிருந்து பெரும்பாலான கொள்கலன் கப்பல்கள் முனையைச் சுற்றியதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குக் காரணம் செங்கடலில் ஹூதிகளின் தாக்குதல்; எரிபொருள் விலையன்று. அங்கு எரிபொருள் காரணமாக அமையாமல் விளைவாக அமைந்தது: எரியும் எண்ணெய் கூடியது, தேவையான கப்பல்களும் கூடின, கப்பற் கூலியும் ஏறியது. ஐரோப்பாவுக்குத் தேயிலையும் ஆடைகளும் அனுப்பும் நமது ஏற்றுமதியாளரும் அச்சுமையைத் தாங்க நேர்ந்தது.

கொழும்பின் நிலை

தெய்வேந்திர முனைக்குத் தெற்கே செல்லும் கிழக்கு – மேற்குக் கடற்பாதையிலிருந்து கொழும்புக்கு வந்து செல்வது சிறு விலகலே. பெரிய கப்பல் ஒன்று வங்காள விரிகுடாவின் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் சென்றால் எண்ணெய்ச் செலவு தாளாது. எனவே கொள்கலன்களைக் கொழும்பில் இறக்கிவிடும். சென்னை, கொல்கத்தா, சிட்டகொங் முதலிய இடங்களுக்குச் சிறிய ஊட்டுக் கப்பல்கள் அவற்றைக் கொண்டு செல்லும். "இலங்கையின் அமைவிடம் முக்கியமானது" என்று மட்டும் எழுதாமல் இக்காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

பயிற்சி வினா

ஒரு கப்பல் முனையைச் சுற்றினால் 8 நாள் மேலதிகமாகவும் 680 தொன் எண்ணெய் மேலதிகமாகவும் செலவாகும். கப்பலின் ஏனைய நாளாந்தச் செலவு 20,000 டொலர். சுயெஸ் கட்டணம் 400,000 டொலர் எனக் கொள்க. எண்ணெய் தொன் ஒன்று (அ) 200 டொலர், (ஆ) 600 டொலர் ஆயின் எப்பாதை இலாபமானது?

விடை: நாளாந்தச் செலவு 8 × 20,000 = 160,000 டொலர். (அ) எண்ணெய் 136,000; மொத்தம் 296,000. இது கட்டணத்திலும் குறைவு, முனைப் பாதை. (ஆ) எண்ணெய் 408,000, மொத்தம் 568,000. சுயெஸ் பாதை.

இரு பாதைகளும் சமமாகும் எண்ணெய் விலையை நீங்களே கணித்துப் பாருங்கள். விடை 350 டொலருக்குச் சற்று மேலே வரவேண்டும்.