ஐயனார் கோயில் காட்டைப் பார்த்து நடுங்கள்

நம்பிக்கை: புதுச்சேரி, மரக்காணம் பக்கத்துச் செம்மண்ணில் சவுக்கும் முந்திரியும்தான் வரும், கடலோரத்தில் காடு ஏது?

சவுக்கின் பூர்வீகம் ஆஸ்திரேலியா பக்கம். முந்திரி பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியரோடு வந்தது. இரண்டுக்கும் முன்பு இங்கே என்ன இருந்தது என்று பார்க்க, புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்குப் போய் வாருங்கள். சுற்றி நிற்பது உலர் பசுமைமாறாக் காடு. மரங்கள் பெரும்பாலும் நாற்பது அடியைத் தாண்டாது. பங்குனி வெயிலிலும் மொட்டையாகாது. வெளியே கழற்றிவிட்ட செருப்பு திரும்பி வரும்போது காலைச் சுடும். உள்ளே சருகுக்கு அடியில் மண் குளிர்ந்து கிடக்கும்.

நம்பிக்கை: நாட்டு மரமா? எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

இதுதான் பெரிய தப்பு. நீர்மருதும் நாட்டு மரம்தான். ஆனால் அது ஆற்றங்கரைக்காரன். மேட்டு நிலத்தில் நட்டுவிட்டு லாரித் தண்ணீர் ஊற்றுவானேன்? தனி மரத்தைத் தேடாமல் கூட்டத்தைப் பாருங்கள். மேலே வீரையும் பாலையும். அவற்றின் நிழலில் காயாவும் குருந்தும். ஏறிப் படர ஆதொண்டை. ஓரத்தில் காரை, சங்கஞ்செடி. கறிவேப்பிலையை மேயும் அதே கருப்புப் பட்டாம்பூச்சியின் புழு குருந்திலும் மேயும். பாலைப்பழம் தின்றால் உதட்டில் பால் ஒட்டும். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்கிறோம். அந்த நீலப் பூவை நேரில் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

மியாவாக்கி காடு என்ற பெயரில் நடப்பதும் பல இடங்களில் இதே கதைதான். நடும் இடத்து இயற்கைக் காட்டை முதலில் ஆராயச் சொன்னவர் அந்த முறையை வகுத்த ஜப்பானியத் தாவரவியலாளர் மியாவாக்கி. நம்மவர்கள் அதை விட்டுவிட்டு, நெருக்கி நடுவதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

நம்பிக்கை: இவை வளர ஆயுசு போதாது.

வீரையும் பாலையும் மெதுவாகத்தான் வளரும், மறுக்கவில்லை. உலக்கைக்கு ஆகிற கட்டை பின்னே எப்படி வரும்? விறுவிறுவென வளர்ந்த மடகாஸ்கர் குல்மொகரும் இயல்வாகையும் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பது நினைவிருக்கும். காயாவும் காரையும் வேலியோரத்துக்குப் போதும். அவற்றுக்குப் பெரிய இடமும் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்தக் கரைக்கு ஆகாது. இங்கே பெருமழை ஐப்பசியில்தான். புரட்டாசியில் குழி எடுங்கள்.