குட்டைக் கரைக்கு ஏற்ற மண் எது?

பண்ணைக்குட்டை வெட்டிய விவசாயிகள் சிலர், தண்ணீர் நிற்கவில்லை என்றும், முதல் மழையிலேயே கரை சரிந்துவிட்டது என்றும் கூறுவதுண்டு. நீளம், அகலம், ஆழம் பார்ப்பவர்கள் மண்ணைப் பார்க்கத் தவறுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

பொறியியல் கல்லூரிகளில் மண் சோதனைகளை இப்போது கம்ப்யூட்டர் திரையிலும் செய்து பழகுகின்றனர். சோதனைச்சாலையில் மண்ணின் ஈரத்தை அறிய, அதை 105 முதல் 110 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாள் உலர்த்த வேண்டும். திரையில் அந்தக் காத்திருப்பு இல்லை. கணக்கையும் வரைபடத்தையும் கம்ப்யூட்டரே போட்டுவிடும். ஆனால் மண் விரலில் ஒட்டுவதும் உதிர்வதும் திரையில் தெரியாது. அதற்குக் கையில் மண்ணை எடுத்தே ஆகவேண்டும்.

அத்தகைய சோதனை ஒன்றை விவசாயிகளும் செய்யலாம். ஸ்வீடன் நாட்டு ரசாயன விஞ்ஞானி ஆல்பர்ட் அட்டர்பர்க் 1911-ல் வெளியிட்ட முறையிலிருந்து வந்தது இது. அவர் விவசாய மண்ணை ஆராய்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

குட்டை வெட்டும் இடத்தில் அடிக்கு அடி மண் மாறும். எனவே ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு பிடி மண் எடுத்துக் கல், வேர்களை நீக்கவும். கையில் ஒட்டாத அளவுக்கு நீர் விட்டுப் பிசைந்து, ஓட்டின் மீதோ கண்ணாடியின் மீதோ வைத்து உள்ளங்கையால் திரியாக உருட்டவும். மண் திரியாகவே வராவிட்டால் அது மணற்பாங்கானது; நீரைத் தாங்காது. 3 மில்லிமீட்டர் தடிமன் வரை மெலிந்தும் அறுபடாமல் நின்றால், மடித்து மீண்டும் உருட்டவும். பல முறை உருட்டிய பிறகே உதிருமானால் களி நன்றாக உள்ளது என்று அறியலாம்.

களி மிகுந்தால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. கரிசல் காயும்போது வெடிக்கும்; வெடிப்பு வழியே நீர் ஓடும். ஆகவே அதே மண்ணில் விரல் தடிமனுக்கு அடை தட்டி நிழலில் உலர்த்திப் பாருங்கள். அதிகம் வெடித்தால் சரளை கலந்த செம்மண்ணைச் சேர்த்து மீண்டும் சோதிக்கவும்.

கரை போடும்போது அரை அடி கனத்துக்கு மேல் மண்ணைக் கொட்டாமல், ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடவும். சில துண்டுகளாக உடைந்தால் சரி. பொடியானால் நீர் தெளிக்கவும். சப்பென்று ஒட்டினால் ஆறவிடவும். புல்லும் வேரும் கலந்த மேல்மண்ணைக் கரைக்குள் போடாமல் வயலுக்கே திருப்புவது நல்லது.

உயரமான கரையாக இருந்தாலோ, சரிவான நிலமாக இருந்தாலோ இச்சோதனை மட்டும் போதாது. வேளாண்மைப் பொறியியல் துறையினரிடம் மண்ணைக் காட்டி யோசனை பெறவும்.