பேய்ப் படங்கள்: பயமும் சிரிப்பும் நியாயமும்

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார்கள். அந்தப் பேய் தமிழ்த் திரையில் எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று பாடம் மாதிரி வரிசையாகப் பார்ப்போம்.

1. பொய்ப் பேய்: 1966-ல் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்த 'யார் நீ?' வந்தது. இருட்டில் வெள்ளை உடைப் பெண்ணைக் காட்டி நடுங்க வைத்தார்கள். கடைசியில் பேயே கிடையாது! எல்லாம் சொத்துக்காக மனுஷன் போட்ட நாடகம்.

2. தந்திரப் பேய்: 1978-ல் விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' தெலுங்கில் உருவாகித் தமிழிலும் பேசியது. விறகுக்குப் பதிலாகக் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும் பேயை டி.வி.யில் பார்த்து எங்க வீடே சிரித்தது. அந்தக் கால டெக்னிக் எளிமையானது. ஓடும் கேமராவை நிறுத்தி, ஆளை விலக்கி, மறுபடி ஓட்டினால் ஆள் மாயம்! ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை படம் பிடித்தால் உருவத்துக்குள் சுவர் தெரியும்.

3. மனப் பேய்: 1993-ல் வந்த மலையாள 'மணிச்சித்ரதாழ்' கதை, 2005-ல் தமிழில் 'சந்திரமுகி' ஆனது. இதில் பேய் அரண்மனையில் இல்லை, நோயுற்ற மனதில்.

4. நியாயம் கேட்கும் பேய்: ராகவா லாரன்ஸின் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011). ஹாங்காங்கில் 1985-லேயே 'மிஸ்டர் வாம்பயர்' பயத்தையும் சிரிப்பையும் கலந்து தந்தது. அதில் பிணம் குதித்துக் குதித்து வரும். மந்திரச் சீட்டை நெற்றியில் ஒட்டினால் நின்றுவிடும். நம்ம காஞ்சனாவை அப்படி நிறுத்த முடியாது. அவள் கதையைக் கேட்டே ஆக வேண்டும். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட நினைத்த நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை அவள். அம்மா மடியில் ஒளியும் ஹீரோவைப் பார்த்துச் சிரித்த தியேட்டர், சரத்குமார் காஞ்சனாவாக வந்ததும் அமைதியாகிவிடுகிறது. திருநங்கைகளைக் கேலிப் பொருளாகவே காட்டிப் பழகிய சினிமாவில் இது பெரிய விஷயம்.

கொள்ளிடக் கரைப் பக்கம் எங்க தெருக்கோடியில் ஒரு புளியமரம் உண்டு. வாழ வந்த ஒரு பெண் சின்ன வயசிலேயே செத்துப்போய் அதில் இருக்கிறாளாம். "ஆறு மணிக்கு மேல அந்தப் பக்கம் போகாதே, பிடிச்சுக்கும்" என்று அம்மா இன்னும் சொல்வாங்க. அவள் எப்படிச் செத்தாள் என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. எத்தனை மணிக்கு வருவாள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்!

படத்தில் பேயே பழிவாங்கி விடுகிறது. நிஜத்தில் செத்தவர் திரும்பி வருவதில்லை. ஆகவே நண்பர்களே, உயிரோடு இருக்கும்போதே ஒருத்தியின் குறையைக் கேட்போம். அதற்கு மந்திரவாதி வேண்டாம், காது கொடுக்க ஆள் இருந்தால் போதும்.