கட்டற்ற மென்பொருளும் இணையத் தொலைக்காட்சியும்

மென்பொருளை இயக்கவும், ஆராய்ந்து மாற்றவும், பிறருடன் பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்னும் கொள்கையோடு ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். இணையத் தொலைக்காட்சி வளர்ந்தபோது அக்கொள்கைக்குப் புதிய சோதனை எழுந்தது. திரைப்படங்கள் களவாடப்படாமலிருக்க நிறுவனங்கள் அவற்றைப் பூட்டி அனுப்பின. பூட்டைத் திறக்கும் நிரலோ பயனருக்கு மறைக்கப்பட்டது. அந்நிரலை உலாவியோடு இணைக்கும் முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017இல் தரநிலையாக்கியது. படைப்பாளரின் உழைப்புக்குக் காப்பு வேண்டும் என்பது ஆதரித்தோர் வாதம்; தம் கணினியில் இயங்குவதை அறியும் உரிமை பறிபோகும் என்பது எதிர்த்தோர் வாதம். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் கூட்டமைப்பிலிருந்தே விலகியது. பூட்டு இன்றும் உள்ளது, வாதமும் ஓயவில்லை.

சிந்தித்து எழுதுக: படைத்தவர் உரிமை, பயன்படுத்துவோர் உரிமை ஆகிய இரண்டையும் ஒருங்கே காக்கும் வழி யாது?